முடிச்சு போடும் கைக்குக் கணக்கும் தெரியணும்!

‘சும்மா இருக்கிற நேரத்துல பண்ற வேலைதானேம்மா...’

வீட்டில் இருந்தபடியே கைவேலை செய்யும் பெண்கள், கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் வந்து விழும் பதில் இது. பூ கட்டுபவர், கூடை பின்னுபவர், அப்பளம் இடுபவர், ஜாக்கெட்டுக்கு ஆரி போடுபவர் என எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சு போடும் பெண்களும் அந்த வரிசையில் இருப்பவர்கள்தான்.

சரி, அந்த ‘சும்மா இருக்கிற நேரம்’ எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

சுங்குடியின் அழகே அதன் புள்ளிகள்தான். பருத்தித் துணியை நகநுனியால் துளியூண்டு கிள்ளி எடுத்து, அதைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்ட வேண்டும். அது ஒரு முடிச்சு. இப்படிச் சேலை முழுக்கக் கட்டிவிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியை இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழ, உள்ளிருந்து புள்ளி எட்டிப் பார்க்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் தேவைப்படும்.

ஒரு பேச்சுக்கு 5,000 முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். கை பழகியவர் ஒரு முடிச்சை 10 விநாடியில் போடுகிறார் என்றே வைத்தாலும், மொத்தம் 50,000 விநாடிகள். அதாவது ஏறத்தாழ 14 மணி நேரம். சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடிந்து தினமும் 2 மணி நேரம் உட்கார்ந்தால் முழுசாக ஒரு வாரம். கழுத்துவலி, கண் எரிச்சல், நூல் அறுத்த விரல் இதெல்லாம் கணக்கில் சேரவில்லை.

இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் விஷயமே. எழுதி வைக்காத உழைப்புக்கு ‘சும்மா இருக்கிற நேரம்’ என்று சுலபமாகப் பெயர் வைத்துவிடலாம்.

பேர் சேலைக்கு... காசு யாருக்கு?

சுங்குடியை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராஷ்டிர சமூகத்தினர். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட இந்த நெசவாளர் குடும்பங்கள், பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்து, நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் நிலைகொண்டார்கள். நெசவும் சாயமும் ஆண்கள் கையில் இருக்க, முடிச்சு போடும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களிடம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் கூடி, பேச்சும் சிரிப்புமாகவே முடிச்சும் நடக்கும்.

2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை. ஆனால் புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரைத்தான். அந்தச் சேலைக்கு முடிச்சு போட்டவருக்கு எவ்வளவு கூலி போக வேண்டும் என்பதை அது சொல்லாது.

இன்னொரு பக்கம் போட்டியும் கடுமை. மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரின்ட் என்று சீக்கிரம் முடிகிற முறைகள் வந்துவிட்டன. ஒரு வாரம் கையால் கட்டிய புள்ளியும், சில மணி நேரத்தில் அச்சடித்த புள்ளியும் கடையில் ஒரே அலமாரியில் ‘சுங்குடி’ என்ற ஒரே பெயரில் அடுக்கி வைக்கப்படுகின்றன. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், விலை குறைந்ததுதான் முதலில் பைக்குள் போகும்.

வேலை நடக்கும் விதத்தையும் பாருங்கள். துணி வேறொருவருடையது, சாயப்பட்டறை வேறொருவருடையது, கடை இன்னொருவருடையது. முடிச்சு போடுபவர் கையில் இருப்பது நூலும் நேரமும் மட்டும்தான். ‘இந்தக் கூலிக்கு முடியாது’ என்று ஒருவர் சொன்னால், துணிமூட்டை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தனித்தனி வீடுகளில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கும் பெரிய பலவீனம் இதுதான்.

அப்படியென்றால் கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் பெண்கள் முன்னேறிவிடுவார்கள் என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மா செய்து காட்டியிருக்கிறார். அவர் கைவினைக் கலைஞர்கூட இல்லை. வயலில் நாற்று நட்டவர்.

பள்ளிக்கூடம் போகாத ‘தலைவி’

அழகர்கோவில் பக்கம் உள்ள பில்லுச்சேரியைச் சேர்ந்தவர் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போகாதவர். விவசாயக் கூலி வேலைதான் பிழைப்பு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகும் கொத்துக்கு அவர்தான் தலைவி. நிலக்காரரிடம் போய் நின்று கூலி பேசுவது, வந்த கூலியைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் ஒன்று புரியும். ஒரு பெண் தனியாகப் போய்க் கூலி கேட்டால் ‘வேற ஆள் பாத்துக்குறேன்’ என்று சொல்லிவிடலாம். இருபது பேருக்காக ஒருவர் பேசும்போது, அறுப்பு நேரத்தில் அப்படிச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது.

1990 வாக்கில் அழகர்கோவில் வட்டாரத்தில் ‘களஞ்சியம்’ என்ற பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தொடங்கின. பின்னர் 1997-ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தானம் அறக்கட்டளை இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தெடுத்தது. நெல்லைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் போல, சிறுகச் சிறுகக் காசைச் சேர்த்து வைப்பது என்பதால் அந்தப் பெயர். சின்னப்பிள்ளை அதில் சேர்ந்தார். மற்ற பெண்களையும் சேர்த்தார். கூலிக்காரர்களுக்கு எட்டாக்கனியாக இருந்த கண்மாய் மீன்பிடிக் குத்தகையை ஊர்ச் சனங்களுக்கு வாங்கித் தருவதற்கும் முன்னின்றார்.

1999-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் ‘ஸ்த்ரீ சக்தி’ விருது அவருக்குக் கிடைத்தது. டெல்லி மேடையில் விருதை வழங்கிய அன்றைய பிரதமர் வாஜ்பாய், சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, வட்டிக் கணக்கை மனசிலேயே போட்டு, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முன்னோடியாக நின்றார் என்பதுதான் அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கதை.

அஞ்சு வட்டியும் ஒரு வட்டியும்

குழு என்றதும் ‘லோன் வாங்கத்தானே’ என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் கடன் இல்லை, சேமிப்பு. அதன் பலனையும் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒரு குழுவில் 20 பேர். ஆளுக்கு மாதம் 100 ரூபாய். மாதம் 2,000 ரூபாய், வருடத்துக்கு 24,000 ரூபாய். இது யாரும் தந்ததல்ல, அவர்களின் சொந்தக் காசு.

இப்போது ஒருவருக்குப் பிள்ளையின் படிப்புக்கு 10,000 ரூபாய் தேவை. வெளியில் ‘அஞ்சு வட்டி’க்கு வாங்கினால், அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால், மாதம் 500 ரூபாய். அசலைக் கடைசியில் கட்டுவதாக வைத்தால் ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 6,000 ரூபாய். அதே பணத்தைக் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு எடுத்தால் வருடத்துக்கு 1,200 ரூபாய். மிச்சம் 4,800 ரூபாய். அந்த 1,200 ரூபாயும் எங்கும் போவதில்லை, குழுவின் நோட்டிலேயே சேர்ந்து 20 பேருக்கும் பொதுப் பணமாகிறது.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது, கையில் காசு இல்லாதவர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போக மாட்டார். வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போவார். அந்த வாசலுக்குப் போகாமல் இருக்க, குழுவின் பெட்டியில் பணம் இருக்க வேண்டும்.

கைவேலை செய்யும் பெண்ணுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. முடிச்சு போடுபவர் துணிக்காரரிடமே முன்பணம் வாங்கியிருந்தால், கூலி எவ்வளவு என்று பேசும் உரிமை அன்றைக்கே போய்விடுகிறது. கடன் கொடுத்தவரும் வேலை கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை கூலி கூடாது. குழுவில் கடன் வாங்கியவர், வேலை கொடுப்பவரிடம் தலை நிமிர்ந்து விலை பேசலாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதை புதிதல்ல. தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் அரசின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. இன்றைக்கு ‘எங்க குழுக் கூட்டம்’ என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

காபூலிலும் இதே கேள்விதான்

ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் ‘காமக்’ என்றொரு எம்பிராய்டரி உண்டு. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, பட்டு நூலால் கட்டம் கட்டமாகப் போடும் நுணுக்கமான வேலை. ஆண்கள் போர்த்தும் சால்வைகளில்கூடப் பெண்கள் அதைப் போட்டுக் கொடுப்பார்கள். கடைவீதிக்கு அந்தப் பெண்கள் சுதந்திரமாகப் போக முடியாது. போட்ட வேலை என்ன விலைக்குப் போனது என்பது, விற்றுவிட்டு வந்தவர் சொன்னால்தான் தெரியும். ரங்கினா ஹமீதி என்பவர் தொடங்கிய ‘காந்தஹார் ட்ரெஷர்’ நிறுவனம், அந்த வேலையை நேரடியாக வாங்கி விற்று, பெண்களின் கையில் கூலியைக் கொடுத்தது. அவர் பின்னாளில் அந்த நாட்டின் கல்வி அமைச்சராகவும் இருந்தார்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. அகமதாபாத்தில் 1972-ல் எலா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு, வீட்டில் இருந்து வேலை செய்யும் பெண்களையும் தெருவில் விற்கும் பெண்களையும் தொழிற்சங்கமாகவே திரட்டியது. 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியையே தொடங்கினார்கள். அந்த சேவா அமைப்பு, இந்திய அரசின் உதவியோடு 2008-ல் காபூலில் ஒரு மையத்தைத் தொடங்கி, போரில் கணவரை இழந்த பெண்கள் உள்ளிட்டோருக்குத் தையல், உணவுப் பதப்படுத்தல் போன்ற பயிற்சிகளைத் தந்தது.

2021 ஆகஸ்ட்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. அதே மாதம், தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்கவும் தடை வந்தது. 2023-ல் அழகு நிலையங்களையும் மூடச் சொன்னார்கள். பலருக்கு மிச்சமிருப்பது வீட்டுக்குள் நடக்கும் கம்பள நெசவும் எம்பிராய்டரியும்தான்.

அங்கே கைத்திறனுக்குக் குறைச்சல் இல்லை. நாலு பெண்கள் வெளியில் வந்து கூடவும், கணக்குப் பார்க்கவும், விலை பேசவும்தான் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. மதுரைப் பெண்கள் சாதாரணமாகக் கிளம்பிப் போகிற அந்தக் குழுக் கூட்டத்தின் அருமை, இந்த இடத்தில்தான் நமக்குப் புரிகிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. வீட்டில் இருந்து வேலை செய்பவர்களையும் தொழிலாளர்களாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. முடிச்சு போடும் கூலி கட்டுபடியாகாததால் இளம்பெண்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அதில் தவறும் இல்லை. ‘பாரம்பரியத்தைக் காப்பாற்று’ என்று பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டு, கூலியை மட்டும் பழைய காலத்திலேயே நிறுத்தி வைப்பது நியாயமா?

சின்னப்பிள்ளையின் கதையிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. பிரதமரே வணங்கிய அந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு நல்ல வீடு இல்லை என்ற செய்தி, பத்மஸ்ரீ வாங்கிப் பல வருடம் கழித்து வெளிவந்தது. 2024-ல்தான் முதலமைச்சர் ஸ்டாலின், கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். மேடை மரியாதை வேறு, கையில் சொத்து வேறு. பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

கைவேலை செய்யும் தோழிகளுக்கு...

* இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரிந்தால்தான் விலை பேச வாய் வரும்.

* அதே வேலையைச் செய்யும் பக்கத்து வீட்டு அக்காக்களிடம் அவர்கள் வாங்கும் கூலியைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கூலி என்பது, நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாத வரைதான் நடக்கும்.

* குழுவில் இல்லாதவர்கள், கிராமம் என்றால் ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் விசாரிக்கலாம். மதுரை போன்ற நகரத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அலுவலகத்தை அணுகலாம்.

* கைவினைக் கலைஞர்களுக்கு மத்திய அரசு ‘பெஹ்சான்’ என்ற அடையாள அட்டை தருகிறது. அமைப்புசாராத் தொழிலாளர்கள் ‘இ-ஷ்ரம்’ தளத்தில் பதிவு செய்யலாம். கையில் அட்டை இருந்தால், உங்கள் வேலை ‘சும்மா இருக்கிற நேரத்து வேலை’ இல்லை என்பதற்கு அதுவே ஓர் அத்தாட்சி.

* குழுப் பொருள்கள் ‘மதி’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. சொந்தமாகத் துணி வாங்கி விற்க ஆசைப்படுபவர்கள், எடுத்ததும் பெரிய கடன் வாங்காமல், நாலைந்து பேர் சேர்ந்து சில சேலைகளோடு ஆரம்பிப்பது நல்லது. விற்காமல் தேங்கினாலும் கையைக் கடிக்காது.

சுங்குடி வாங்கப்போகிறீர்களா?

விளக்குத்தூண் பக்கமோ மாசி வீதியிலோ சுங்குடி எடுக்கும்போது, புள்ளியைக் கையால் தடவிப் பாருங்கள். கையால் கட்டிய புள்ளி, துணியில் லேசாக மேடு தட்டிச் சுருங்கியிருக்கும். ஒரு புள்ளி போல இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. பின்பக்கம் திருப்பினாலும் சாயம் நன்றாக ஊறியிருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், துணி வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் அச்சடித்தது. அச்சுச் சேலை வாங்குவது தவறில்லை. அச்சுச் சேலைக்கு முடிச்சுச் சேலையின் விலையைக் கொடுக்காதீர்கள், முடிச்சுச் சேலைக்கு அச்சுச் சேலையின் விலையைக் கேட்காதீர்கள்.

முதல் சில சலவைக்குத் தனியாக அலசி, நிழலில் காயப்போட்டால் சாயம் நிற்கும்.

கடைக்காரரிடம் ‘இது கைமுடிச்சா, யார் கட்டினது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால், பதில் சொல்லியாக வேண்டிய நிலை கடைக்கு வரும்.

அப்படியே பேரம் பேச வாயெடுக்கும்போது, அந்த 14 மணி நேரமும் ஒரு நிமிடம் ஞாபகத்துக்கு வரட்டும்!